எல்லா ஹைவேயும் ஒன்றுதானா? ரொறன்ரோ, மொன்றியல், கல்கரி, வன்கூவர்…

ஜூன் 7, 2025

ஒரு தம்பி எழுதியிருந்தது: “கனடாவில் எந்த நகரத்துக்குப் போனாலும் ஹைவே ஒன்றுதான். அதே பச்சைப் பலகை, அதே கொங்கிரீட். ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்லவா முடியும்?”

முடியும் தம்பி. கண்ணைக் கட்டி ஏற்றிவிட்டாலும் சொல்வேன். ஏழு வருடம் மொன்றியலில் இருந்தவன், பிறகு ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு வந்து பதினாலு வருடம் ட்ரக் ஓட்டியவன். முதுகும் காதும் போதும். மேம்பாலத்தின் இணைப்புகளில் டக்-டக் என்று தாளம் போட்டால் ரொறன்ரோவின் கார்டினர். திடீரென்று இரண்டு பக்கமும் சுவர் எழும்பி வானம் ஒரு பட்டையாகச் சுருங்கினால் மொன்றியலின் டெக்காரி. முன் கண்ணாடியில் சரளைக் கல் வந்து ‘டிக்’ என்று அடித்தால் கல்கரி. இவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 7, இரவு

சரி, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ரொறன்ரோவைக் கிழக்கு மேற்காகக் கடக்கிற 401ஆம் ஹைவேயிலிருந்து தொடங்குவோம்.

1950களில் அதைப் போட்டபோது ரொறன்ரோவின் வடக்கே பெரும்பாலும் வயல். நாலு லேன். பெயரே ‘ரொறன்ரோ பைபாஸ்’. ஊரைத் தொடாமல் சுற்றிப் போகத்தான் போட்டார்கள், ஊர் வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1963இல் அகலமாக்கத் தொடங்கினார்கள். சிக்காகோவின் டான் ரயன் ஹைவேயைப் பார்த்து, ஒவ்வொரு திசையையும் இரண்டாகப் பிரித்தார்கள்: உள்ளே எக்ஸ்பிரஸ், வெளியே கலெக்டர். இன்று 18 லேன்.

இந்தப் பிரிவை வெளியூர்க்காரர் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எக்ஸ்பிரஸ் வேகமான தெரு, கலெக்டர் மெதுவான தெரு என்பது இல்லை. இரண்டுக்கும் ஒரே வேக எல்லைதான். எக்ஸிட் எல்லாம் கலெக்டரில் இருக்கும். ஏறுகிறவர், இறங்குகிறவர், லேன் மாறி வெட்டுகிறவர் எல்லோரும் அங்கேயே முட்டிமோதிக்கொள்ளட்டும், கடந்து போகிறவர் உள்ளே நேராகப் போகட்டும். அதுதான் யோசனை. இடையிடையே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வழி விட்டிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் வீடு கண்முன்னே தெரியும், இறங்க முடியாது. என் மனைவி புதிதாக லைசென்ஸ் எடுத்த வருடம் மார்க்கம் வீதியில் இறங்க வேண்டியவர் பிக்கரிங் வரை போய்த் திரும்பினார். பின் சீற்றில் ஒரு பிறந்தநாள் கேக். ஐஸிங் முழுக்க மூடியில் ஒட்டிவிட்டது.

பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: கலெக்டருக்குப் பச்சை, எக்ஸ்பிரஸுக்கு நீலம்.

ஜூன் 8

தலைகீழ். எக்ஸ்பிரஸுக்குத்தான் பச்சை, கலெக்டருக்கு நீலம். மூன்று பேர் திருத்திவிட்டார்கள், அதில் ஒருவர் என் மகள். இத்தனை வருடம் ஓட்டியும் நான் நிறத்தைப் பார்த்ததே இல்லை போல, கை தானாகத் திரும்பியிருக்கிறது.

18 லேன் என்றதும் அரைகுறை. அது மிக அகலமான இடத்தில் மட்டும். அந்தப் பகுதிகளில்தான் நாளுக்கு 4 லட்சத்துக்கும் மேல் வாகனங்கள் போகின்றன. எங்கள் ஸ்காபரோப் பக்கம் அதைவிட ஒடுக்கம்.

ஜூன் 11

மொன்றியல் பற்றிக் கேட்கிறார்கள்.

நான் 1989இல் வந்து இறங்கியது கோட்-டெ-நெய்ஜில். அப்போது வந்த நம்மவர் பலருக்கும் முதல் முகவரி அந்தப் பக்கம்தான். டெக்காரிக்கு நடந்து போகும் தூரம். முதல்முறை பார்த்தபோது அது தெரு என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் கடை, உணவகம், பஸ் தரிப்பிடம் என்று சாதாரண வீதி. நடுவே கம்பி வேலி. வேலியில் கை வைத்துக் கீழே பார்த்தால் ஒரு அகழி, அதற்குள் கார்கள் ஓடுகின்றன. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மேலே வந்துகொண்டிருக்கும்.

1967 உலகக் கண்காட்சிக்காக அவசர அவசரமாக முடித்தார்கள். அதே வருடம்தான் டர்கோ சந்தியும் லாஃபொன்டேன் சுரங்கமும் திறந்தார்கள். ஒரே வருடத்தில் ஒரு நகரம் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆற்றுக்கு அடியில் ஒன்று என்று கட்டி முடித்தது. மொன்றியலின் குணமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. ரொறன்ரோ அகலத்தில் யோசிக்கும், மொன்றியல் உயரத்திலும் ஆழத்திலும் யோசிக்கும். மெட்ரோபொலிட்டன் ஹைவே தூண் மேலே, டெக்காரி பள்ளத்தில், வில்-மரி ஹைவே நகரின் அடியில் சுரங்கமாக. ஊர் நெருக்கம், கிழக்கு மேற்காக இடமில்லை. கிடைத்த வழி அதுதான்.

அகழி என்றால் தண்ணீர் வரும். 1987 ஜூலை 14 மழையில் டெக்காரி வாய்க்காலாகி, கார்களை விட்டுவிட்டுச் சனம் ஏறி வந்த கதையை நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வருடா வருடம் சொல்வார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஒரு அடி கூடும்.

மெட்ரோபொலிட்டன் தனி வகை. 1960 வாக்கில் திறந்தது. ஓரத்தில் ஒதுங்க இடமே இல்லை. ஏறுகிற றாம்ப் குட்டை, ஏறிய உடனே ஓடுகிற வாகனங்களுக்குள் பாய வேண்டும். கார் நின்றுவிட்டால் நின்ற இடம்தான் உன் இடம். ரொறன்ரோக்காரர் அங்கே ஓட்டும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 11, பின்குறிப்பு

ஒருவர் கேட்டிருக்கிறார்: “கியூபெக்கின் தெருக்கள் பழுது என்பது வெறும் பகிடியா?” பகிடிக்கு ஆரஞ்சுக் கூம்புகள் இருக்கின்றன. நினைவுப் பொருள் கடையில் அந்தக் கூம்பைப் பொம்மையாக விற்கிறார்கள். ஆனால் 2006 செப்டம்பர் 30இல் மொன்றியலை அடுத்த லவாலில் கொன்கோர்ட் மேம்பாலம் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அன்றிலிருந்து சிவப்பு விளக்கில் மேம்பாலத்துக்கு நேர் கீழே நான் நிறுத்துவதில்லை. ஒரு கார் அளவு பின்னால் நிற்பேன். பின்னால் இருப்பவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும்.

ஜூன் 15

கல்கரி அண்ணை ஒருவர் கோபமாக இருக்கிறார், “எங்களைக் கல்லோடு முடித்துவிட்டீர்” என்று.

அண்ணை, கல் உண்மைதானே? உப்பைவிடச் சரளையை நம்பித் தெருவில் கொட்டுகிற ஊர். அல்பேட்டாவில் முன் கண்ணாடியில் கீறல் இல்லாத கார் என்றால் நேற்று வாங்கியதாக இருக்கும். என் ட்ரக்கில் ஒரு கீறல் மூன்று மாதத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போனது. குளிர் கூடக் கூட அது நீண்டதைப் பேனாவால் குறித்து வைத்திருந்தேன்.

ஆனால் கல்கரியின் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். ஹைவேக்கெல்லாம் ‘ட்ரெயில்’ என்று, அதாவது தடம் என்று பெயர் வைத்த ஊர். டீர்ஃபுட் ட்ரெயில், குரோசைல்ட் ட்ரெயில், மக்லவுட் ட்ரெயில். டீர்ஃபுட் 19ஆம் நூற்றாண்டின் சிக்சிகா பூர்வகுடி ஓட்டப் பந்தய வீரர். வேகமாக ஓடியவர் பெயர் வைத்த தெருவில் மாலை ஐந்து மணிக்குக் கார் நகராது, அது வேறு கதை. சுற்றுவட்டமான ஸ்டோனி ட்ரெயில் 2023 டிசம்பரில் முழுமையானது, சுமார் 101 கி.மீ. தென்மேற்கில் அது சூட்டினா பூர்வகுடி மக்களின் நிலத்தின் வழியே போகிறது. அந்தப் பகுதிக்குச் சூட்டினா ட்ரெயில் என்று பெயர், 2020இல் திறந்தது. அவர்களோடு உடன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

எட்மன்டன் அதைவிட முந்திக்கொண்டது. அந்தனி ஹென்டே டிரைவ், 78 கி.மீ., 2016இல் வட்டம் மூடியது. நான் ட்ரக்கில் அதை முழுதாகச் சுற்றியிருக்கிறேன், வழி தெரியாமல்.

இந்த வட்டங்கள் ஓட்டுவதற்கு அருமை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மேற்கே வானம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 16

வினிப்பெக் விடுபட்டதாம். அங்கே நகருக்குள் ஹைவே என்று சொல்ல எதுவும் இல்லை. நாட்டைக் குறுக்கே கடக்கிற டிரான்ஸ்-கனடாவே ஊருக்குள் வந்ததும் சாதாரண வீதியாகி, சிவப்பு விளக்கில் நின்று போகும். வேண்டாதவர் பெரிமீட்டரில் சுற்றிப் போகலாம். அதிலும் விளக்கு. ஒட்டாவாவின் குவீன்ஸ்வே பழைய ரயில் பாதை போன தடத்தில் போட்டது, அதனால் ஊரை நேராகக் கீறிக்கொண்டு போகும். 2007இல் அதில் ஒரு பாலத்தை வெட்டித் தூக்கி, பக்கத்தில் கட்டி வைத்திருந்த புதியதை ஒரே நாளுக்குள் பொருத்தினார்கள். சனம் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்ததாம். ஒட்டாவாவில் சனிக்கிழமை இரவு வேறு என்ன இருக்கிறது?

(ஒட்டாவாக்காரர் மன்னிக்கவும்.)

ஜூன் 22

இவ்வளவு நேரமும் லேனையும் கொங்கிரீட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று அலன் வீதியில் தெற்கே வந்தபோது வேறு ஒன்று தோன்றியது.

அலன் வீதி தெரியாதவர்களுக்கு: 401இலிருந்து தெற்கே இறங்குகிற அகலமான ஹைவே. நடுவே சப்வே ஓடும். எக்லின்டனில் வந்ததும் ஒரு விளக்கு. அவ்வளவுதான், தெரு முடிந்துவிட்டது. எதிரே மரங்கள். நகர மையத்துக்குப் போக வேண்டிய ஸ்படைனா எக்ஸ்பிரஸ்வே அது. அந்த மரங்களுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தாக்குகள் வழியாகப் போகத் திட்டம். அங்கிருந்த சனம் எதிர்த்தது. நகரங்களைப் பற்றி எழுதியவர், அமெரிக்காவிலிருந்து வந்து ரொறன்ரோவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்தார். 1971 ஜூன் 3இல் ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ் நிறுத்தினார். காருக்காக நகரமா, மனிதருக்காக நகரமா என்ற மாதிரிப் பேசினார்.

அதனால் எனக்கு என்ன? ஒவ்வொரு முறையும் அந்த விளக்கில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பில் டேவிஸைத் திட்டியிருக்கிறேன். நேற்றும் திட்டினேன். ஆனால் அந்த மரங்களுக்குள் கோடையில் பிள்ளைகளோடு நடந்தவனும் நான்தான்.

தம்பியின் கேள்விக்கு நான் முதலில் கொடுத்தது அரைப் பதில். ஹைவே ஓடுகிற இடத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்தால் ஒவ்வொரு ஊரும் வேறு.

கியூபெக் நகரத்தில் டுஃப்ரன்-மொன்மொரன்சி ஹைவேயின் றாம்ப் நேராக ஒரு பாறைச் செங்குத்தில் போய் முட்டி நின்றது. பாறைக்குள் சுரங்கம் தொடர வேண்டும், தொடரவில்லை. முப்பது வருடம்போல அப்படியே நின்று, 2007இல் இடித்தார்கள். நான் பார்த்தபோது கீழே தூண்களில் ஓவியம் தீட்டியிருந்தார்கள்.

ஜூன் 23

“அப்படியென்றால் வன்கூவர்தான் முதலிடம். அங்கே ஹைவேயே இல்லையே!” என்று ஒருவர்.

ஆமாம், நகர மையத்துக்குள் ஹைவே விடாத ஊர். 1960களின் முடிவில் சைனாடவுனும் ஸ்ட்ராத்கோனாவும் ஒன்றுசேர்ந்து தடுத்தன. தெற்கிலிருந்து வருகிற 99ஆம் ஹைவே பாலத்தைத் தாண்டியதும் மரம் நட்ட சாதாரண வீதியாகிவிடும். முதல்முறை ட்ரக்கோடு அங்கே போனபோது வழி தவறிவிட்டேன் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். இல்லை, அதுதான் வழி.

ஜூன் 23, மறுபடியும்

இரண்டு திருத்தங்கள். ஒன்று சின்னது: ஹைவே 1 வன்கூவர் நகர எல்லையின் வடகிழக்கு மூலையை உரசிக்கொண்டு போகிறது. ‘ஹைவேயே இல்லை’ என்பது தவறு.

மற்றது பெரியது. அங்கே வசிக்கிற ஒரு அக்கா நாலே வரியில் என்னை உட்கார வைத்துவிட்டார். “தடுத்தோம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஹோகன்ஸ் ஆலி இருந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?”

அவர் சொன்னது சரி. முழு ஹைவே வரவில்லை, ஆனால் அதன் முதல் துண்டாக ஜோர்ஜியா, டன்ஸ்மியூர் மேம்பாலங்கள் 1972இல் வந்துவிட்டன. அவற்றுக்காக வன்கூவரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹோகன்ஸ் ஆலி அழிந்தது. மேம்பாலங்களை அகற்றுவதென்று 2015இல் மாநகர சபை வாக்களித்தது. இன்றும் நிற்கின்றன. நான் பலமுறை அவற்றின் மேல் போயிருக்கிறேன். கீழே என்ன இருந்தது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

ஹலிஃபக்ஸ் இன்னும் மோசம். அங்கே ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பினக் குடியிருப்பை 1960களில் காலி செய்தார்கள். சிலருடைய வீட்டுச் சாமான்களை மாநகரத்தின் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். மக்கை பாலத்துக்கு ஏறுகிற வழி அந்த நிலத்தில்தான் வந்தது. 2010இல் மாநகரம் மன்னிப்புக் கேட்டது. ஊருக்குள்ளே, துறைமுக ஓரமாகப் போக வேண்டிய ஹைவேக்காகக் கட்டிய கொக்ஸ்வெல் சந்தியும் கடைசியில் எங்கும் போகாமல் நின்று, 2021இலிருந்து இடிபடத் தொடங்கியது.

முன்பு எழுதியதை மாற்றவில்லை. ஆனால் எங்கே நிறுத்தினார்கள் என்பதோடு, நிறுத்துவதற்கு முன் யாருடைய வீட்டின் மேல் ஏறினார்கள் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். மொன்றியலில் வில்-மரிக்காக இடித்த வீடுகளைப் பற்றியும் நான் ஒரு சொல் எழுதவில்லை. சுரங்கம், ஆழம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29

கார்டினர் பற்றி ஏன் எழுதவில்லை என்று பலர். எழுதத் தயக்கமாக இருந்தது.

1955இல் தொடங்கி 1966இல் முடித்தது. மெட்ரோ ரொறன்ரோவின் முதல் தலைவர் ஃபிரெடெரிக் கார்டினர் பெயர். கொங்கிரீட் உதிர்வதால் அதன் பராமரிப்பு முடிவதே இல்லை. கிழக்கு முனையை 2001இல் இடித்தபோது சில தூண்களை மட்டும் நினைவாக விட்டுவைத்தார்கள், லெஸ்லி பக்கம் பார்க்கலாம். மேற்கே அதே மேம்பாலத்தின் அடியில் 2018இல் குளிர்காலத்துக்கு ஒரு ஸ்கேட்டிங் தடம் திறந்தார்கள். இடிப்பதா வைப்பதா என்று ரொறன்ரோ ஐம்பது வருடமும் வாதாடும், முடிவெடுக்காது. 2023 கடைசியில் மாகாணம் பொறுப்பேற்கிறது என்று அறிவித்தார்கள். நகரம் பெருமூச்சு விட்டது.

இதெல்லாம் யாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது 2009 மே 10. ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்கள். ஸ்படைனா றாம்ப் வழியாக நம் சனம் கார்டினரில் ஏறி உட்கார்ந்தது. பெண்கள், பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தைகள். இரவு வெகுநேரம் வரை. நானும் இருந்தேன்.

எத்தனையோ தடவை ட்ரக்கில் கடந்த தெரு. அன்று காலால் நடந்தபோதுதான் அந்த டக்-டக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பாலத்தின் இணைப்பில் இரும்பு, இடையே விரல் நுழையும் இடைவெளி, அதில் சிகரெட் அடிக்கட்டையும் ஒரு ஒற்றைக் காதணியும். பக்கத்தில் இருந்த அம்மா, தன் பேரப்பிள்ளையின் கால் அதில் சிக்காமல் ஒரு துவாயை மடித்து மேலே போட்டார். எதிரே சீஎன் கோபுரத்தில் விளக்கு ஏறியிருந்தது. வாகனம் இல்லாத கார்டினரில் சத்தம் எப்படி இருக்கும் என்று ரொறன்ரோவில் பலருக்குத் தெரியாது. கீழே ரயில் போவது கேட்கும்.

மறுநாள் வேலையில் ஒருவர் என்னிடம், “உங்கள் ஆட்களால் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டேன்” என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை.

ஜூலை 2

மேலே எழுதியதற்கு நிறைய வந்திருக்கிறது. அதை இங்கே நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹைவேக்கு வருவோம்.

ரொறன்ரோவின் வடக்கே கட்டணம் கட்டி ஓட்டுகிற 407ஆம் ஹைவே பற்றி ஒருவர். அதன் வரலாறு எளிது: 1997இல் திறந்தார்கள், 1999இல் 99 வருடக் குத்தகைக்கு 310 கோடி டொலருக்குத் தனியாரிடம் கொடுத்தார்கள். அது காலியாக இருக்கும், 401 அடைத்துக்கொண்டு நிற்கும், இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அதன் குணம் பில் வரும்போது தெரியும்.

ரொறன்ரோவின் டொன் வாலி ஹைவே பற்றி: டொன் ஆற்றோடு வளைந்து வளைந்து போகிற அழகு வேறு எந்த நகர ஹைவேக்கும் இல்லை. அக்டோபரில் புளோர் மேம்பாலத்தின் அடியில் வரும்போது இலைகளைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவர்களில் நானும் ஒருவன். ஆற்றங்கரையில் போட்டதால் ஆறு தன் இடத்தைக் கேட்டு வரும். 2024 ஜூலை 16இல் வந்தது, கார்கள் மிதந்தன.

ஜூலை 13

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். “ஸ்காபரோக்காரர் நீங்கள், ஸ்காபரோவைப் பற்றி எதுவும் இல்லையே?”

இருக்கிறது. ஸ்காபரோ எக்ஸ்பிரஸ்வே என்று ஒன்று வரவேண்டியிருந்தது. கார்டினரைக் கிழக்கே நீட்டி, ஸ்காபரோவின் தெற்கைக் கீறி, 401இல் கொண்டுபோய்ச் சேர்ப்பது திட்டம். 1970களில் கைவிட்டார்கள். 401 பக்கத்தில் அதற்காகக் காத்திருந்த முனை போல இன்னும் இருப்பது 2A. கிழக்கிலிருந்து வரும்போது 401இலிருந்து இடப்பக்கம் பிரியும் ஒரு குட்டித் துண்டு, 1940களில் போட்ட பழைய ஹைவேயின் மிச்சம். அதில் போகிற பாதிப் பேருக்கு அதன் பெயர் தெரியாது.

இன்று காலை போய் ஓட்டிப் பார்த்தேன். நடுவே புல், இரண்டு பக்கமும் உயர்ந்த மரம். எனக்கு முன்னால் ஒரு கார், பின்னால் யாரும் இல்லை. மூன்றாவது கியரில் பாட்டு ஒன்று போட்டேன். பல்லவி முடிவதற்குள் கிங்ஸ்டன் வீதி வந்துவிட்டது, விளக்கு சிவப்பு. பக்கத்து லேனில் ஒரு பஸ், ஜன்னலோரம் ஒரு பையன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.